பாலைவனப் போரும் ஆப்பிரிக்க விடுதலையும்: ஊர் திரும்பிய வீரர்கள்தான் காரணமா?

உங்கள் கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமலும் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியும் மோதிய போரே ஆப்பிரிக்க தேசியவாதத்துக்கு வித்திட்டது என்றும், அங்கே போரிட்ட ஆப்பிரிக்க வீரர்கள் ஊர் திரும்பிப் போராடியதால்தான் காலனியாட்சி முடிந்தது என்றும் படித்திருக்கிறீர்கள். அது எவ்வளவு உண்மை என்று கேட்கிறீர்கள். போர் நடந்த லிபியாவுக்கு என்ன கிடைத்தது என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். என் பார்வையில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆப்பிரிக்கர்களுக்கு விடுதலை வேட்கை என்பது ஐரோப்பியர்களின் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் வந்த ஒன்றா, அல்லது அது முன்பே அங்கே இருந்ததா? இதற்குப் பதில் சொன்னால் மற்றவை தாமாகவே தெளிவாகிவிடும். நான் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் ஆப்பிரிக்க, மேற்காசிய வரலாறு கற்பித்தவன். அரபு எனக்குத் தெரியாது. லிபியர்களைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு வழியாக வந்ததுதான். அந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலில் தேதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாலைவனப் போர் 1940இல் தொடங்கவில்லை. 1911 செப்டம்பரில் ஒட்டோமான் பேரரசின் மீது போர் அறிவித்து இத்தாலி லிபியாவில் இறங்கியபோதே அது தொடங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலிய விமானி, டிரிபோலிக்கு அருகிலுள்ள ஐன் சாராவின் மேல் பறந்தபடி, மடியில் வைத்திருந்த சிறு குண்டுகளைக் கையால் எடுத்து வீசினார். உலக வரலாற்றில் போரில் விமானத்திலிருந்து வீசப்பட்ட முதல் குண்டுகள் அவைதான். லண்டனுக்கும் டிரெஸ்டனுக்கும் ஹிரோஷிமாவுக்கும் பின்னால் நேர்ந்தது முதன்முதலில் ஒரு லிபியப் பேரீச்சந்தோப்பின் மேல்தான் பழகிப் பார்க்கப்பட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அதன் பிறகு இருபது ஆண்டுகள் கிழக்கு லிபியாவான சிரெனைக்கா அடங்கவில்லை. அங்கே எதிர்ப்புக்கு முதுகெலும்பாக இருந்தது சனூசி என்னும் ஆன்மிக அமைப்பு. பாலைவனம் முழுவதும் கிணறுகளையும் வணிகப் பாதைகளையும் ஒட்டி அதன் மடங்கள் இருந்தன. தொழுகை, பள்ளி, வழக்குத் தீர்ப்பு, வழிப்போக்கருக்குச் சோறு என்று எல்லாம் அங்கேதான். குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த ஒமர் முக்தார் 1923 முதல் அந்தப் போரை நடத்தினார். அப்போதே அறுபதைத் தாண்டிய முதியவர் அவர். பச்சை மலை என்று பொருள்படும் ஜெபல் அக்தரின் காடுகளிலிருந்து சிறு குதிரைப்படைகள் இறங்கித் தாக்கிவிட்டு மறையும். படையை நம்பிப் பயனில்லை என்று கண்ட இத்தாலிய ஜெனரல் கிராசியானி மக்களின் மீதே கை வைத்தார். எகிப்து எல்லை நெடுகிலும், கடற்கரையிலிருந்து ஜக்பூப் பாலைவனச் சோலை வரை, சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்கம்பி வேலி போட்டார். மலை மக்களை, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை, ஆடு மாடுகளோடு நடத்திக் கொண்டுபோய்க் கடற்கரை மணலில் முகாம்களில் அடைத்தார். பசியிலும் நோயிலும் அங்கே மாண்டவர்கள் 40,000க்குக் குறையமாட்டார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. லிபியர்கள் சொல்லும் எண் இதைவிடப் பெரிது. 1931 செப்டம்பர் 11 அன்று ஒமர் முக்தார் பிடிபட்டார். ஐந்தாம் நாள், 16ஆம் தேதி காலையில், சொலூக் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்த முகாம்களில் ஒன்றின் பெயர் எல் அகைலா. அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாலைவனப் போரைப் பற்றி எந்த நூலைத் திறந்தாலும் இந்தப் பெயர் வரும். 1941 மார்ச்சில் ரோமல் முதலில் கைப்பற்றிய இடம் எல் அகைலா; அந்த ஆண்டு இறுதியில் அவர் பின்வாங்கி நின்றது எல் அகைலா; எகிப்தின் அலமைனில் தோற்றபின் திரும்பவும் வந்து நின்றது எல் அகைலா. வரைபடத்தில் அது ஒரு புள்ளி, ஓர் அரண். மனிதரே இல்லாத மணல்வெளியில் இரண்டு கெட்டிக்காரத் தளபதிகள் சதுரங்கம் ஆடினார்கள் என்பதுபோல அந்த நூல்கள் எழுதிச் செல்லும். அதே மணலில் பத்தே ஆண்டுகளுக்கு முன்பு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முள்கம்பிக்குள் வெயிலில் கிடந்தன. உள்ளே அடைபட்டிருந்த ஒரு கவிஞர் பாடிய நெடும்பாட்டு லிபியாவில் வாய்வழியாகவே பரவி இன்றும் சொல்லப்படுகிறது. ‘வெற்றுப் பாலைவனம்’ என்று ஒருவர் எழுதினால், அது யாரால் வெறுமையாக்கப்பட்டது என்று கேளுங்கள்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் செய்தி: 1940இல் போர் வந்தபோது லிபியர்களுக்குத் தேசியவாதத்தை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1940 செப்டம்பரில் எகிப்துக்குள் நுழைந்த இத்தாலியப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே கிராசியானி. அதற்கு முந்தைய மாதமே, எகிப்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனூசித் தலைவர் இத்ரீஸ், பிரிட்டனோடு உடன்பட்டு லிபிய அகதிகளைக் கொண்டு ஒரு படை திரட்டத் தொடங்கிவிட்டார். பிரிட்டனுக்கு அது ஒரு துணைப்படை. அதில் சேர்ந்தவனுக்கோ அப்பனை முகாமில் பறிகொடுத்த கணக்கு. 1942 ஜனவரியில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஈடன், சிரெனைக்காவின் சனூசிகள் மீண்டும் எந்தக் காரணத்தாலும் இத்தாலிய ஆட்சியின் கீழ் வரமாட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். அதில் ‘விடுதலை’ என்ற சொல் இல்லை. சிரெனைக்காவைத் தவிர, மேற்கு லிபியாவான டிரிபோலிப் பகுதியைப் பற்றிய பேச்சும் இல்லை. அந்த இரண்டு மௌனங்களும் போர் முடிந்தபின் பெரிய தகராறாயின.

இனி, யார் போரிட்டார்கள் என்பது. இதில் கண்டம் முழுவதுமே இருந்தது. கோல்டு கோஸ்ட்டின், அதாவது இன்றைய கானாவின், தக்கோராடித் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய போர் விமானங்கள் அங்கேயே ஒன்றுசேர்த்துப் பூட்டப்பட்டு, லேகோஸ், கானோ, கார்ட்டூம் வழியாகக் கண்டத்தைக் குறுக்கே கடந்து கெய்ரோ போய்ச் சேர்ந்தன. அந்தப் பாதையில் ஓடுதளம் போட்டவர்களும் பீப்பாய் உருட்டியவர்களும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். சாட் நாட்டு ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே, பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர், 1940 ஆகஸ்ட்டில், ஜெர்மனியிடம் பிரான்ஸ் பணிந்ததை ஏற்காத தளபதி டகோல் பக்கம் சாய்ந்திராவிட்டால் அவருடைய ‘சுதந்திர பிரான்ஸ்’ இயக்கம் காலூன்ற ஆப்பிரிக்க மண்ணே கிடைத்திருக்காது என்று சொல்லலாம். அங்கிருந்து கிளம்பி 1941 மார்ச்சில் லிபியாவின் குஃப்ராச் சோலையைப் பிடித்த, டகோலின் தளபதி லெக்லெர்க்கின் படையில் பெரும்பாலோர் சாட் நாட்டவர். 1942இல் லிபியாவின் பிர் ஹக்கீமில் ரோமலை இரண்டு வாரம் தடுத்து நிறுத்திய பிரெஞ்சுப் படையணியிலும் மத்திய ஆப்பிரிக்காவின் ஊபாங்கியிலிருந்து வந்த ஒரு பட்டாலியன் இருந்தது. பசூட்டோலாந்து, இன்றைய லெசோத்தோ, ஆயுதம் தாங்காத உழைப்புப் படைக்கு ஆயிரக்கணக்கில் ஆளனுப்பியது. 1943 மே 1 அன்று பெங்காசிக்கு வடக்கே எரின்புரா என்ற கப்பல் குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்த பசூட்டோக்களில் அறுநூறு பேருக்கு மேல் ஒரே மாலையில் கடலில் போனார்கள். அவ்வளவு சிறிய நாட்டில் அது எத்தனை வீட்டு இழவு என்று எண்ணிப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கறுப்பின வீரர்களுக்குத் துப்பாக்கி தரக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் கொள்கை. லாரி ஓட்டலாம், குழி தோண்டலாம், காயம்பட்டவரைத் தூக்கலாம். காவல் நிற்கும்போது கையில் ஈட்டி. 1942 ஜூனில் லிபியத் துறைமுகமான டோப்ருக் வீழ்ந்து சுமார் 33,000 பேர் சரணடைந்தபோது அவர்களில் ஜோப் மசேக்கோவும் ஒருவர். கைதியாகத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. ஒரு நாள் ஒரு சிறிய பால் டப்பாவில், தோட்டாக்களைப் பிரித்துச் சேர்த்த வெடிமருந்தை நிரப்பி, நீளமான திரி வைத்து, ஜெர்மன் கப்பலின் அடித்தளத்தில் பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே செருகி, நெருப்பு வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கப்பல் மூழ்கியது. அவருக்கு ராணுவப் பதக்கம் தந்தார்கள். வெள்ளையராக இருந்திருந்தால் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்திருக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் சந்தேகம் என்ற அளவிலேயே அதைச் சொல்ல வேண்டும். போர் முடிந்து மூன்றாம் ஆண்டில், 1948இல், அவருடைய நாட்டில் இன ஒதுக்கல் ஆட்சி வந்தது என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

நம்மவர்களும் அங்கே இருந்தார்கள். நான்காவது இந்தியக் காலாட்படைப் பிரிவோடு மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியல் படையினர் போனார்கள். கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. கருவி இருந்தால் கருவி. இல்லாவிட்டால் குப்புறப் படுத்து, துப்பாக்கிமுனைக் கத்தியைச் சாய்வாக மணலில் செருகிச் செருகி நகர வேண்டும். நேராகக் குத்தினால் வெடித்துவிடும். இரும்பு தட்டுப்பட்டால் விரலால் மணலை விலக்கி, அடியில் இன்னொன்று கோத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தூக்க வேண்டும். அந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில், உடன் வந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மீது தானே விழுந்து இறந்து, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். நம் பாடநூல்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ‘வீரர்கள் திரும்பினார்கள், விடுதலை வந்தது’ என்ற கதையை நான் முழுதாக ஏற்கமாட்டேன். அதற்குச் சான்றாக எப்போதும் சொல்லப்படும் நிகழ்வுகள் இரண்டு. ஒன்று, 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் முன்னாள் வீரர்கள் ஆளுநரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனபோது, போலீஸ் சுட்டு மூவர் இறந்தது. சார்ஜெண்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டே. அந்தச் சூட்டின் ஓசையில் எழுந்த கலவரம்தான் கானா விடுதலை இயக்கத் தலைவர் நுக்ரூமாவைச் சிறைக்கும் பின்னர் ஆட்சிக்கும் கொண்டுபோனது. ஆனால் கோல்டு கோஸ்ட் வீரர்கள் பெருமளவில் போரிட்டது எத்தியோப்பியாவிலும் பர்மாக் காடுகளிலும். ரோமலை எதிர்த்து அல்ல. இன்னொன்று, 1944 டிசம்பர் 1 அன்று செனெகலில் டக்காருக்கு அருகே தியாரோய் முகாமில் நடந்தது. ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்க வீரர்கள் தங்களுக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் சுட்டது. 35 பேர் என்றது அதிகாரக் கணக்கு. அதைப் போலப் பல மடங்கு என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். அது படுகொலை என்று பிரான்ஸ் அதிபர் ஒப்புக்கொள்ள 2024 வரை ஆயிற்று. அந்த வீரர்கள் பிடிபட்டதும் 1940இல் பிரான்ஸ் மண்ணில், பாலைவனத்தில் அல்ல.

அதோடு, விடுதலை இயக்கங்களின் தலைமையைப் பாருங்கள். நுக்ரூமா, நைஜீரியாவின் அசிக்கிவே, கென்யாவின் கென்யாட்டா, தான்சானியாவின் நைரேரே இவர்களில் ஒருவரும் படைவீரர் அல்லர். ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், படித்தவர்கள். கானாவிலும் கென்யாவிலும் முன்னாள் வீரர்களைத் தேடிப்பிடித்துப் பேசி ஆராய்ந்தவர்கள் சொல்வது, பெரும்பாலோர் கையில் கிடைத்த பணத்தைக் கொண்டு கல்யாணம் செய்தார்கள், நிலம் வாங்கினார்கள், சிறு கடை வைத்தார்கள் என்பதே. அது இயல்புதானே? ஐந்து வருடம் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு முதலில் வீடு வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, பர்மாவில் போரிட்டுத் திரும்பி, கென்யாவின் மாவ் மாவ் ஆயுதக் கிளர்ச்சியில் தளபதியான வாருஹியு இட்டோட்டே அப்படி ஒருவர். ஆனால் விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது. போர்க்காலத்தில் ஊரிலேயே இருந்தவர்கள் பட்டதும் குறைவல்ல: கட்டாய உழைப்பு, விலைவாசி, விளைபொருளை அரசு சொன்ன விலைக்கே விற்க வேண்டிய நிலை. பொதுக்கூட்டங்களை நிரப்பியவர்களில் சீருடை அணியாத இவர்களே மிகுதி என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் பாலைவனப் போர் எதைத்தான் மாற்றியது? என் பதில்: அது இரண்டு காரியம் செய்தது. ஆண்டவர்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வைத்தது. அவர்கள் வாயிலிருந்து வாக்குறுதிகளைப் பிடுங்கியது. முதலாவதற்குக் கெய்ரோவே சாட்சி. 1942 ஜூலை தொடக்கத்தில் ரோமல் அலமைன் வரை வந்துவிட்டார். அலெக்சாந்திரியாவுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். கெய்ரோவில் பிரிட்டிஷ் தூதரகமும் ராணுவத் தலைமையகமும் கோப்புகளைக் குவித்து எரித்தன. கரித்துகள்கள் தெருவில் விழுந்தன. அறுபது ஆண்டுகளாக அசைக்க முடியாதென்று எண்ணியிருந்த ஓர் ஆட்சி தன் காகிதங்களைத் தானே எரிப்பதை எகிப்தியர் அண்ணாந்து பார்த்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் தூதர் அப்தீன் அரண்மனையைக் கவச வண்டிகளால் சூழ்ந்து, தங்களுக்கு வேண்டியவரைப் பிரதமராக்கு, இல்லையேல் முடி துற என்று மன்னர் ஃபாரூக்கை மிரட்டியிருந்தார். அந்த அவமானம், பின்னாளில் எகிப்தை ஆண்ட நாசர் போன்ற இளம் ராணுவ அதிகாரிகளின் நெஞ்சில் தங்கியது. மன்னரைக் கவிழ்த்த 1952 புரட்சிக்கு வேர் தேடுபவர்கள் அந்த இரவுக்கே வருகிறார்கள். மொராக்கோவில் 1943 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சுல்தானை விருந்துக்கு அழைத்துப் பேசினார்; அடுத்த ஜனவரியில் இஸ்திக்லால் கட்சியின் விடுதலை அறிக்கை வெளிவந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஊக்கம் என்று சொல்லலாம்.

வாக்குறுதி என்பது ரூஸ்வெல்ட்டும் பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலும் வெளியிட்ட 1941 ஆகஸ்ட்டின் அட்லாண்டிக் சாசனம். எல்லா மக்களும் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையை மதிப்போம் என்றது அது. அடுத்த மாதமே சர்ச்சில், அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளுக்குத்தான் என்றார். சாசனத்தைப் படித்த ஆப்பிரிக்கர்கள் சர்ச்சிலின் விளக்கத்தையும் படித்தார்கள். அசிக்கிவே 1943இல் அந்தச் சாசனத்தை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பொருத்தி ஒரு மனு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சாசனத்தை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு தன் உரிமைப் பட்டியலை வெளியிட்டது. மாறாக, 1944 தொடக்கத்தில் பிராசவில்லில் கூடிய பிரெஞ்சு ஆளுநர்கள் மாநாடு சீர்திருத்தம் பேசிவிட்டு, தொலைவான எதிர்காலத்தில்கூட சுயாட்சிக்கு இடமில்லை என்று எழுதிவைத்தது. பிரான்ஸுக்கு நிற்க இடமும் பேரும் தந்தது ஆப்பிரிக்க மண் என்பதை இவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள்.

எனக்கு இதில் மனம் ஆறாத நாள் 1945 மே 8. ஐரோப்பாவில் வெற்றி விழா. அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் அல்ஜீரியர்களும் ஊர்வலம் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் துனீசியாவிலும் இத்தாலியிலும் இந்த வெற்றிக்காகச் செத்திருந்தார்கள். தங்கள் கொடியைத் தூக்கி வந்த பூசித் சால் என்ற இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சுற்றுவட்டாரத்தில் கலவரம் மூண்டு நூறு ஐரோப்பியர் அளவில் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குப் பிரெஞ்சு ராணுவமும் விமானமும் குடியேறிகளின் ஆயுதக் கும்பல்களும் வாரக்கணக்கில் கிராமங்களை அழித்தன. ஆயிரத்துச் சொச்சம் என்றது பிரெஞ்சு அரசு. 45,000 என்கிறது அல்ஜீரியா. உண்மை இரண்டுக்கும் இடையில், பல ஆயிரங்களில் இருக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இத்தாலியில் காட்டிய வீரத்துக்காக டகோல் கையால் பதக்கம் குத்தப்பட்ட அகமது பென் பெல்லா அந்தச் செய்தியை அறிந்து மனம் திரும்பினார். 1954இல் ஆயுதப் போரைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 1963இல் அல்ஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர். நீங்கள் படித்த ‘ஊர் திரும்பிய வீரன்’ கதை நேராகப் பொருந்துவது இங்கேதான். இங்கேயும் அவரைத் திருப்பியது போர்க்களத்தில் கற்ற பாடமல்ல. போருக்குப் பின் ஊரில் நடந்த கொலை.

கடைசியாக லிபியா. போர் முடிந்தபோது சிரெனைக்காவும் டிரிபோலியும் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தில், தெற்கே ஃபெசான் பிரெஞ்சுக்காரர் கையில். 1949இல் பிரிட்டனும் இத்தாலியும் பேசி ஒரு திட்டம் கொண்டுவந்தன: சிரெனைக்கா பிரிட்டன் பொறுப்பில், ஃபெசான் பிரான்ஸ் பொறுப்பில், டிரிபோலி இத்தாலியின் பொறுப்பில். ஆம், மீண்டும் இத்தாலி. டிரிபோலியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஐ.நா. பொதுச்சபையில் மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. இத்தாலிக்கு டிரிபோலியைத் தரும் பகுதி மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்து தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஹெய்ட்டியின் பிரதிநிதி எமில் சென்-லோவும் ஒருவர். அடிமைகள் கிளர்ந்தெழுந்து உண்டாக்கிய நாட்டின் மனிதர். அந்தத் திட்டமே கவிழ்ந்தது. நவம்பரில் ஐ.நா. லிபியாவுக்கு விடுதலை நாள் குறித்தது. 1951 டிசம்பர் 24 அன்று பெங்காசி அரண்மனை மாடத்திலிருந்து இத்ரீஸ் அதை அறிவித்தார்.

வல்லரசுகள் ஒன்றையொன்று நம்பாததால் கிடைத்த விடுதலை அது என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி ஒமர் முக்தாருக்குக் கீழ் இருந்தவர்களும் தெருவுக்கு வந்தவர்களும். இரண்டின் பங்கையும் எடை போட என்னிடம் தராசு இல்லை. படைகள் திரும்பிப் போனபோது விட்டுச்சென்ற கண்ணிவெடிகள் மட்டும் அலமைனைச் சுற்றியும் லிபியாவிலும் மணலுக்குள் தங்கிவிட்டன. மழைக்குப் பின் புல் முளைத்த இடம் தேடி ஆடு ஓட்டிப் போன பெதுவின் மேய்ப்பர்கள், போரை வரலாறாகக்கூட அறியாத தலைமுறையினர், அவற்றை மிதித்துக் கால் இழந்திருக்கிறார்கள்.